ஒன்றரைக் கட்டை கீழே

ஜுஃபைர் விடுதி, பதினோராம் மாடி, மதியம் மூன்று.
நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டுகிறார்கள்.
இன்றிரவு ஏதோ காப்பீட்டுக் கம்பெனிக்கு ஐம்பது வயது.
பாட வந்திருப்பவளுக்கு ஐம்பத்தெட்டு.

ஒப்பந்தத்தில் நெவா.
பாஸ்போர்ட் நகலில் நெவென்கா ஸ்காரிச், குரோஷியா.
மிச்ச எழுத்துகளை ஹாம்பர்க்கில் ஒரு ரெக்கார்டு கம்பெனி
கத்தரித்துவிட்டதாம்,
சுவரொட்டியில் இடம் போதவில்லை என்று.
நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்,
மைக்கின் தலையை ஈரத்துணியால் துடைத்தபடி.
இங்கே என்னையும் சாண்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
சந்தியாகப்பன் எந்தச் சுவரொட்டியிலும் இருந்ததில்லை.

பதினெட்டு நாடுகளில் ஓடிய அந்த ஒரு பாட்டு
இங்கிலீஷில்.
அப்போது அவளுக்கு அந்த மொழியில்
நன்றி சொல்லத் தெரியும், குளியலறை எங்கே என்று
கேட்கத் தெரியும், அவ்வளவே.
வரிகளைத் தன் எழுத்தில் கிறுக்கி
உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு பாடினாளாம்.
ஒசாகாவில் அவள் முகம் அச்சிட்ட குடைகள்.
மழைநாளில் ரயிலடியில்
நூறு நெவாக்கள் நனைந்துகொண்டே போனதை
ஓரமாய் நின்று பார்த்திருக்கிறாள், குடையில்லாமல்.
பாட்டின் அர்த்தம் பிடிபட நாலு வருஷம்.
பிடிபட்டபோது
'இதற்கா அழுதார்கள்?' என்று சிரித்தாளாம்.

அவள் ஊரில் குண்டு விழுந்த செப்டம்பரில்
அவள் ஸ்டாக்ஹோமில், மினுக்குச் சட்டையில்.
இதைச் சொன்னபோது
துணியை நாலாய் மடித்தாள். பிரித்தாள். மறுபடி நாலாய்.

இனி என் வேலை.
டிராக்கை ஒன்றரைக் கட்டை இறக்கிக் கொண்டுவந்திருக்கிறாள்.
அதன் அடியில், மெல்லிசாக,
அவளுடைய இருபத்துநாலு வயதுக் குரல்.
மேலே இவள் பாட வேண்டும்.
இவள் தடுக்கினால் அவள் பிடித்துக்கொள்வாள்.
எல்லாரும் செய்வதுதான். நான் எதுவும் சொல்லவில்லை.

கண்ணாடிக்கு வெளியே வெளிறிய கடல்.
'இதற்கடியில் நல்ல தண்ணீர் ஊறுமாமே?'
ஊறியது, மேடம்.
முத்துக் குளித்தவர்கள் தோல்பையோடு மூழ்கி
உப்புக்குள்ளிருந்து குடிநீர் மொண்டு வந்தார்களாம்.
அப்புறம் கரையெல்லாம் போர்வெல் போட்டார்கள்.
'எங்கள் பக்கமும் உண்டு.
வெயிலில் நீந்திக்கொண்டிருப்போம்,
திடீரென்று வயிற்றில் சில்லென்று படும்.
வ்ருல்யா என்போம்.'
நான் சொல்லிப் பார்த்தேன். நாக்கு ஒத்துழைக்கவில்லை.

இரவு ஒன்பது பத்து.
முதல் சரணம் சரியாகப் போனது, இரண்டு பேருமாய்.
இரண்டாவதில் என்னைப் பார்த்தாள்.
கையைக் கவிழ்த்து, தரையை நோக்கி, மெதுவாய்.
ஒத்திகையில் இல்லாதது.
பதினாலாம் பட்டையை இழுத்தேன். முழுக்க.

இருபத்துநாலு போய்விட்டாள்.
மிஞ்சியது ஒரு சொரசொரப்பு,
மூச்சு நடுவில் தீர்ந்துபோகும் ஒரு பெண்.
உச்சி வந்தது. அதைச் சுற்றிப் போயிருக்கலாம்.
ஏறினாள். உடைந்தது.
உடைந்த இடத்திலேயே நின்று
அந்தச் சொல்லை முடித்தாள்.

மேஜைகளில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.
கோப்பைகள் அடுக்கிய தட்டோடு
நேபாளத்து பிபேக் மட்டும் நடுவழியில் நின்றுவிட்டான்,
மேற்பார்வையாளர் விரல் சொடுக்கும்வரை.
என் கை பட்டையிலேயே இருந்தது.
ஏசி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.
வயிற்றில் மட்டும் எப்படி?

பதினொன்று ஐம்பதுக்கு அதே பாட்டு மறுபடி,
ஒப்பந்தப்படி.
'இப்போது அவளை விடுங்கள், சாண்டி. நான் களைத்துவிட்டேன்.'
விட்டேன். அவள் வந்து
வேலையைச் சுத்தமாக முடித்துக் கொடுத்தாள்.
கைதட்டல் பலமாகவே இருந்தது.

மூன்று மணிக்குக் கேபிள் சுருட்டினேன்.
பதினாலாம் பட்டைக்குக் கீழே ஒட்டியிருந்த டேப்பில்
என் கையெழுத்தில்: சின்னவள்.
உரித்தால் விரலில் ஒட்டிக்கொண்டு வருகிறது,
உதறினால் மற்ற விரலுக்குத் தாவுகிறது.
நாளை இதில் டோலக்.
திருச்சூர்க்காரர் வீட்டுக் கல்யாணம்,
ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள்.